ஒரு மலைக்கு ஏழு ஊடை

ஆரணி
13.6.1982

அன்புள்ள அக்காவுக்கு, குணசுந்தரி எழுதுவது.

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போடத் தோன்றியிருந்தால் அதில் தப்பே இல்லை. மூன்று வருஷம் ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுத என்ன யோக்கியதை என்று என்னையே கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். மன்னித்து, பாதி வரையிலாவது படி. பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. தறி வேலையில் ஒரு சந்தேகம்.

போன வருஷம் பி.எஸ்ஸி. முடித்தேன். நம் தெருவில் டிகிரி வாங்கிய முதல் பெண் என்று அப்பா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சொல்வதில்லை. வேலைக்குப் பதிந்துவைத்துவிட்டு, காலையில் டைப்ரைட்டிங் போய்விட்டு, மத்தியானம் மொட்டை மாடியில் உட்கார்ந்து படம் வரைகிற பெண்ணைப் பற்றி எத்தனை நாள் பெருமை பேச முடியும்?

படம் என்றால் மலைதான். நம் மாடியிலிருந்து மேற்கே ஜவ்வாது மலை தெரியுமே, அது. வேலூரில் படிக்கும்போது காலேஜ் லைப்ரரியில் ஒரு பெரிய படப் புத்தகம் இருந்தது. வீட்டுக்குத் தர மாட்டார்கள். செசான் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், செத்து எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. தன் ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஒரே மலையை வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். கோடு போட்டு உள்ளே வர்ணம் அடிக்கிற வேலையே இல்லை. சின்னச் சின்னத் திட்டாக வர்ணத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போகிறார். கிட்டத்தில் பார்த்தால் திட்டுகள். தள்ளி நின்றால் மலை. எனக்கு உடனே நீ சேலை டிசைனுக்குக் கிராஃப் போடுவதுதான் ஞாபகம் வந்தது. கிட்டத்தில் கட்டம், தள்ளி நின்றால் மயில்.

நான் காகிதத்தில் வரைந்ததெல்லாம் அவருடைய மலையின் காப்பியாகவே வந்தது. ஒரு படத்தில் பைன் மரம்கூட வந்துவிட்டது. ஆரணியில் பைன் மரம் எங்கே இருக்கிறது? பட்டில் நெய்தால் அவரைக் காப்பியடிக்க முடியாது என்று தோன்றியது. அதனால் காலேஜில் மிச்சமிருந்த கிராஃப் நோட்டில் மலையைக் கட்டம் கட்டமாகப் போட்டேன். ஜக்கார்டுக்கு அட்டை குத்துகிற பழனி அண்ணனிடம் கெஞ்சி, வரிசைக்கு ஒன்றாக நூற்றிருபது அட்டை குத்தி வாங்கினேன். பாவு முடிந்து தறியில் மிஞ்சிய முழத் துண்டில் அப்பா நெய்துகொடுத்தார்.

மலை அமுங்கிப்போய் வந்தது, அக்கா. அகலம் நாலு அங்குலம் சரியாக இருக்கிறது. உயரம் இரண்டு அங்குலம் வர வேண்டியது ஒன்றேகால் சொச்சம்தான் இருக்கிறது. அப்படிப் பன்னிரண்டு மலை வரிசையாக.

"மலைன்னு சொன்னியேம்மா? ரோடு ரோலர் ஏறிப்போன மாதிரி கீது" என்றார் அப்பா. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஊத்தப்பம்னு சொல்லி விக்கலாம்" என்றாள். நான் கட்டங்களைத் திரும்ப எண்ணினேன். கணக்கில் தப்பே இல்லை. எங்கே தப்பு என்று அப்பாவைக் கேட்டேன்.

"கிராஃப் சமாச்சாரம் எனக்கு இன்னா தெரியும்? அட்டைய ஏத்தினா நெய்வேன். அதெல்லாம் அவளுக்குத்தான்…" என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். மூன்று வருஷத்தில் உன்னைப் பற்றி இந்த வீட்டில் அவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு 'அவள்'தான். அதைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்று. மாடியில் நான் மேற்கே பார்த்து உட்கார்வது மலைக்காக மட்டும் இல்லை. அந்த மலையடியில்தான் நீ இருக்கிறாய்.

பதில் போட மனசு வந்தால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் விலாசத்துக்கு எழுது. கீழே எழுதியிருக்கிறேன்.

குணா

◆

படவேடு
27.6.1982

குணா,

கடிதம் வந்தது. அடுப்பில் போடவில்லை. விறகு ஈரம், காகிதம் தேவைப்பட்டது, இருந்தாலும் போடவில்லை.

கேட்டதற்கு முதலில் பதில். காலேஜ் நோட்டில் கட்டம் சதுரம். தறியில் கட்டம் சதுரம் இல்லை. நம் வீட்டுத் தறியில் அங்குலத்துக்கு, நெடுக்கே ஓடுகிற பாவு இழை அறுபது, குறுக்கே போகிற ஊடை இழை தொண்ணூறு. ஆகவே நெடுக்கே போகும்போது கட்டம் நெருங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு அமுங்கும். நீ நூற்றிருபது வரிசை போட்ட இடத்தில் நூற்றெண்பது போட்டிருக்க வேண்டும். தறிக்கென்றே அச்சடித்த கிராஃப் தாள் பழனி அண்ணனிடம் இருக்கும், கேட்டு வாங்கு. கணக்கில் பட்டம் வாங்கிய நீ தறிக்குப் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். எட்டாவதோடு நின்ற நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இது ஆயிற்று. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

இவருக்கு நான் எழுதிய கடிதம் வீட்டில் சிக்கி, பதினோரு நாள் என்னை அறையில் வைத்துப் பூட்டினார்கள். சாப்பாட்டுத் தட்டை நீதான் கொண்டுவருவாய். "என் கடுதாசிய யார்கிட்டடி குடுத்தே?" என்று தினமும் கேட்டேன். தட்டை வைத்துவிட்டுத் தலை குனிந்துகொண்டு போவாய். அங்கிருந்து தப்பி வந்து கோயிலில் நாங்கள் கல்யாணம் செய்துகொண்டபோது என் பக்கத்தில் நிற்க என் வீட்டு மனுஷர் ஒருத்தர் இல்லை. எனக்கு இரண்டு வயசில் பெண் இருக்கிறாள். ரேணுகா என்று பெயர். அதுவும் உனக்குத் தெரியாது. இப்போது எழுதியிருக்கிறாய், மலை அமுங்கிப்போயிற்று என்று.

மாடியில் உட்கார்ந்து என் திசையைப் பார்த்தாயாம். ஆரணியிலிருந்து இங்கே பஸ் இருக்கிறதடி. காலையில் ஒன்று, சாயந்திரம் நாலு மணிக்கு ஒன்று.

இன்னொரு தப்பும் சொல்கிறேன். கடிதத்தோடு வைத்திருந்த துண்டுப் படத்தில் மலையை நீலமாக அடித்திருக்கிறாய். மலை நீலம் இல்லை. நான் தினமும் பார்க்கிறேன்.

தனகோடி

◆

ஆரணி
11.7.1982

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியது எல்லாம் நியாயம். ரேணுகா என்ற பெயரை டைப்ரைட்டிங் வகுப்பில் இருபது தடவை அடித்துப் பார்த்தேன். மாஸ்டர் கேட்டதற்கு விரல் பழக்கம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கடிதத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். பேசத்தான் வராது, எழுத வரும்.

நீ அதை மடித்து என் கையில் கொடுத்து, வாழை மண்டிக்குப் போய் அவரிடம் சேர்த்துவிடு என்று சொன்னாய். போனேன் அக்கா. லாரியிலிருந்து தார் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இருபது ஆண்களாவது இருப்பார்கள். ஒருத்தரை ஒருத்தர் வைதுகொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு. அவர் யார் என்று எனக்குத் தெரியும், நீ அடையாளம் சொல்லியிருந்தாய். முப்பது அடி தூரம். அந்த முப்பது அடியை நடக்க முடியவில்லை. கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். கடைசியில் ஒரு பெரியவர், "இன்னா பாப்பா, தார் வேணுமா, சீப்பு வேணுமா? ஜல்தி சொல்லு" என்றார். சீப்பு என்றேன்.

ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"வீட்ல பழம் இருக்கச் சொல்ல இது இன்னாத்துக்குடி?" என்று கேட்டு அம்மா பையை வாங்கிக் கவிழ்த்தாள். பழத்துக்கு அடியில் கடிதம் இருந்தது.

நான் யாரிடமும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியவரிடமும் கொடுக்கவில்லை. தட்டைக் கொண்டுவரும்போதெல்லாம் இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் வருவேன். உன் முகத்தைப் பார்த்ததும் ஒரு சத்தமும் வெளியே வராது. காட்டிக்கொடுத்தவள் என்று நீ நினைத்துக்கொள்வது எனக்குப் புரிந்தது. அப்படி நினைப்பதும் சரிதான், முடிவு அதுவாகத்தானே ஆயிற்று என்று விட்டுவிட்டேன். பயம் என்று சொன்னால் தப்பு சின்னதாகிவிடாது. தெரிந்துகொள் என்பதற்காக எழுதினேன்.

மலைக்கு வருகிறேன். பழனி அண்ணன் தாள் கொடுத்தார். "நூத்தி எம்பதா? இது உனக்குத் தோணின கணக்கு இல்லியே" என்று சந்தேகமாகப் பார்த்தார். இப்போது உயரம் சரியாக வருகிறது. ஆனால் ஜக்கார்டுப் பெட்டியில் இழைக்கு ஒன்றாக இருநூற்று நாற்பது கொக்கிதான். நாலு அங்குலம் முடிந்ததும் மறுபடி அதே மலை. சேலை அகலத்துக்குப் பன்னிரண்டு மலை, தீப்பெட்டி லேபிள் ஒட்டினது போல. அந்த மனிதர் ஒரு மலையை ஒரு மலையாக வரைந்தார். எனக்குத் தறி அதைக் கொடுக்க மாட்டேன் என்கிறது. விட்டுவிடலாமா என்று இருக்கிறேன்.

மலை நீலம் இல்லை என்றால் என்ன நிறம், அக்கா? இங்கிருந்து பார்த்தால் எப்போதும் நீலம்தான்.

கிராஃபை இதோடு வைத்திருக்கிறேன்.

குணா

◆

படவேடு
8.8.1982

குணா,

ஒரு சீப்பு வாழைப்பழம் என்கிற இடத்தில் சிரித்துவிட்டேன். சிரித்ததற்கு அப்புறம் ஒரு வாரம் உன் மேல் கோபமாக இருந்தேன். அந்த அறையில் 'பயமாயிருந்துச்சிக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மூன்று வருஷம் உன்னைப் பற்றி வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். நான் படிக்கவில்லை, நீ படிக்கிறாய், நான் இருந்தால் உனக்கு இடைஞ்சல் என்று காட்டிக்கொடுத்துவிட்டாய் என்றெல்லாம். அதை ஒரே நாளில் கழற்றி எறிய முடியவில்லை. பாதி கழன்றிருக்கிறது என்று வைத்துக்கொள்.

இவரிடம் படித்துக் காட்டினேன். "அட, அந்தப் பொண்ணா? ஞாபகம் கீது. பையக் கட்டிப் புடிச்சிகினு நின்னுகினே இருந்திச்சி. காசு கம்மியா கீது போல, பாவம்னு நெனச்சேன். நானே ஒரு சீப்பு சும்மா குடுத்திருப்பேன்" என்கிறார். அவருக்கு உன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. அவருக்கு யார் மேலும் ஒன்றும் நிற்பதில்லை. எனக்குத்தான் நிற்கும்.

கிராஃபில் சிவப்பு மசியால் திருத்தியிருக்கிறேன், பார். உன் மலை இடது ஓரத்தில் பதினெட்டாம் வரிசையில் தொடங்கி வலது ஓரத்தில் முப்பதாவதில் முடிகிறது. அடுத்த மலை எப்படி ஒட்டும்? இரண்டு ஓரத்தையும் இருபத்துநாலில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். இப்போது பன்னிரண்டு மலை இல்லை, நீளமாக ஒரே மலைத்தொடர். நிஜ மலையும் அப்படித்தான் இருக்கிறது. ஒரு முகட்டுக்குப் பின்னால் இன்னொரு முகடு, எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது.

இதை விட்டுவிடலாமா என்று கேட்டதற்கு: உனக்குப் பிடித்த அந்த ஆள் ஒரே மலையைத் திரும்பத் திரும்ப வரைந்தார் என்று நீதானே எழுதினாய். அட்டையும் அதைத்தானே செய்யும்? நூற்றெண்பது அட்டை சுற்றி முடிந்தால் மறுபடி முதல் அட்டை வரும். மலைக்கு மேல் அதே மலை. அட்டை ஒன்றுதான், ஊடையை மாற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு நிறம். சேலை முந்தி முழுக்க ஒரே மலை, வேறு வேறு நேரத்தில்.

நிறம் கேட்டாயே. எங்கள் தோட்டத்திலிருந்து மலை கூப்பிடு தூரம். காலையில் சூரியன் இங்கே கீழே வருவதற்கு முன்னால் உச்சியில் விழுந்துவிடும். அப்போது மேலே தேய்த்துவைத்த செப்புக்குடம், கீழே கரி. எட்டு மணிக்கு ஒவ்வொரு பாறையும் தனித்தனியாகத் தெரியும், துருப்பிடித்த இரும்பும் புல்லும் கலந்தாற்போல. உச்சி வெயிலில் அதற்கு நிறமே இல்லை, வைக்கோல் வெளுத்தது மாதிரி. சாயந்திரம் சூரியன் அதற்குப் பின்னால் போனதும் சுட்ட கத்தரிக்காய்த் தோல். கோடையில் மேலே புல்லு பற்றிக்கொள்ளும், நாலு நாள் எரியும், அப்புறம் ஒரு மாசம் பழுப்பும் கறுப்பும். மார்கழியில் அரிசி கழுவின தண்ணீர் நிறத்தில் பனி இறங்கி, மலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. எழுதினால் உனக்குப் புரியாது என்று, பெட்டியில் இருந்த பழைய சேலைகளின் ஓரத்தில் நூல் உருவி, அட்டைத் துண்டில் வரிசையாகச் சுற்றி அனுப்பியிருக்கிறேன். ஏழு நூல். சாயக்காரரிடம் காட்டிச் சாயம் ஏற்றச் சொல்.

பாவு மட்டும் மாற்றாதே. சாம்பல் நீலமே இருக்கட்டும். எந்த ஊடை போட்டாலும் அடியில் கொஞ்சம் அது தெரியும். நீ தூரத்திலிருந்து பார்த்ததும் அதில் இருக்கட்டும்.

தனகோடி

பி.கு.: ரேணுகாவுக்கு 'சித்தி' என்று சொல்லித்தந்தேன். யாரைச் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது, கோழியைப் பார்த்துச் சொல்கிறாள்.

◆

ஆரணி
12.9.1982

அன்புள்ள அக்காவுக்கு,

இனிமேல் வீட்டு விலாசத்துக்கே எழுது. ஏன் என்று சொல்கிறேன்.

கிராஃபை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சரி பார்த்தாயிற்று, பழனி அண்ணனிடம் அட்டை குத்தக் கொடுக்கலாமா என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். நீ எப்போதும் பத்தாவது வரிசைக்கு ஒரு சிவப்புப் புள்ளி, ஐம்பதாவதுக்கு இரண்டு புள்ளி வைப்பாயே. அதில் விரலை வைத்து மேலே மேலே போனார். நூற்றெண்பது வரைக்கும் போனார்.

"இது உன் கை இல்லியே" என்றார்.

நான் வழக்கம் போல நின்றேன். பழைய நாள் போலவே வாய் அடைத்துக்கொண்டது. ஆனால் இந்தத் தடவை மௌனமாக நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "அக்கா கைப்பா. நான்தான் எழுதிக் கேட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. சமையலறையில் அம்மா பாத்திரத்தை வைக்கிற சத்தம் நின்றது.

அப்பா கிராஃபைச் சுருட்டித் தறிக்கு மேலே கூரைச் சட்டத்தில் செருகிவிட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எல்லாம் போயிற்று, வாயைத் திறந்தது தப்பு என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் முதலாளி மணவாளன் வந்திருந்தார். அப்பா அவரிடம், "இந்தப் பாவுல மூணாவது சேலைக்கு முந்தி மட்டும் வேற போட்டுக்கறேன்" என்றார். என் மலையைக் காட்டினார். மணவாளன் கிராஃபைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தசரதா, தீபாவளிக்கு மலையைக் கட்டிக்கினு எவ போவா? மாங்கா போடு, மயில் போடு" என்றார். "ஒண்ணே ஒண்ணு. போவலன்னா என் கணக்குல வெச்சிக்கோ" என்றார் அப்பா. "உனக்கு இன்னா ஆச்சு? பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ" என்று சொல்லிக்கொண்டே அவர் ஒத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு நான் உன் நூல் அட்டையை அப்பாவிடம் கொடுத்தேன். ஒவ்வொரு நூலாகத் தொட்டுக்கொண்டு வந்தவர் நாலாவதில் நின்றுவிட்டார். அந்த நாவல்பழ நிறம். சுற்றிலிருந்து ஒரு இழையைப் பிரித்து, இரண்டு விரலால் முறுக்கி, வெளிச்சத்தில் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"நாலாவது எந்த நேரம்னு எழுதலியே. கேளு" என்றார்.

யாரைக் கேட்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடிதத்தில் நீ ஆறு நிறத்துக்குத்தான் நேரம் சொல்லியிருக்கிறாய். எழுது.

குணா

◆

(தபால் கார்டு)

படவேடு
20.9.82

குணா,

நாலாவது நூல், மழை விட்டுப் பத்து நிமிஷம். பாறை எல்லாம் நனைந்து, வெயில் திரும்ப வருவதற்குள். சீக்கிரம் போய்விடும் நிறம், ஆகவே அந்தச் சுற்றை மற்றதைவிடக் குறைவாக விடச் சொல். பாதி மலையோடு நிறுத்தினாலும் சரிதான்.

எந்தச் சேலை நூல் என்று கேட்டால், நெய்தவருக்கே தெரியும்.

தனகோடி

◆

ஆரணி
1.11.1982

அன்புள்ள அக்காவுக்கு,

கார்டைத் தபால்காரரிடம் அப்பாவே வாங்கினார். வாசலில் நின்றே படித்தார். அப்புறம் அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. அம்மா அதை என்னிடம் கொண்டுவந்து, "இன்னாடி போட்டுகீறா? நல்லாகீறாளாமா?" என்று கேட்டாள். நாலாவது நூல் நீ வீட்டைவிட்டுப் போன அன்று கட்டியிருந்த, அப்பா நெய்த சேலையிலிருந்து வந்தது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. கடைசி வரி படிக்கிற வரைக்கும் எனக்குத்தான் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காதவள் என்று நீ சொன்னது இதற்கும் சேரும்.

சேலை முடிந்துவிட்டது, அக்கா. நேற்று மத்தியானம் முந்தியின் கடைசிச் சுற்று. எப்படி வந்திருக்கிறது என்று எழுத நாலு தாள் கிழித்துவிட்டேன். செப்பும் கரியும் கீழே, அதற்கு மேல் துரு, அதற்கு மேல் வெளுத்த வைக்கோல். நாலாவது மலை நீ சொன்னபடி பாதியில் நிற்கிறது. அடிவாரம் இருக்கிறது, உச்சி இல்லை. அதன் மேலேயே கத்தரிக்காய் நிறம் ஏறிவிடுகிறது. தப்பு வந்துவிட்டது என்று பழனி அண்ணன் கத்தினார். "தப்பு இல்லப்பா, மழை" என்றார் அப்பா. ஏழாவது மலையில் பாவு நீலமும் பனி வெள்ளையும் கலந்து, கிட்டத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கூடத்தின் அந்தக் கோடியில் போய் நின்றால்தான் முகடு தெரிகிறது.

அந்தப் புத்தகத்தில் பார்த்தது போல இருக்கிறதா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். இல்லை. அவர் இதைப் பார்த்தால் தன்னுடையது என்று சொல்ல மாட்டார். முதல் தடவையாக அதில் எனக்கு வருத்தம் இல்லை.

எல்லா இடத்திலும் நன்றாக வரவில்லை. எட்டு மணி மலையில் பச்சை அதிகமாகிவிட்டது, சாயத்தில் நான் சொன்னது பிசகு. ஊடை மாற்றின இடங்களில் இரண்டு மூன்று இழை தளர்ந்திருக்கிறது. மணவாளன் வந்து முந்தியைத் தடவிப் பார்த்தார். "கட்டறதுக்கு ஆளு கெடைக்குமான்னு தெரியல. ஆனா வித்துட எனக்கு மனசு வரல. நீயே வெச்சிக்கோ, தசரதா" என்று சொல்லிவிட்டுப் போனார். அது புகழா இல்லையா என்று அம்மாவும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சேலை இன்னும் தறியிலேயே இருக்கிறது. அறுக்கவில்லை.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாதது இல்லை. புது அட்டை ஏற்றினால் முதல் சேலையை வீட்டு மூத்த பெண்தான் அறுக்க வேண்டும். நீ போன பிறகு அப்பா சேலைக்குப் புது அட்டை ஏற்றவே இல்லை. மணவாளன் எத்தனையோ டிசைன் கொண்டுவந்தார். பழசே போதும் என்று திருப்பி அனுப்பினார். கண்ணு தெரியவில்லை, அதனால்தான் என்று நாங்கள் நினைத்தோம். இந்த மலைதான் முதல்.

நேற்று சாயந்திரம் அம்மா கத்தரியை எடுத்துவந்து, "குணா அறுக்கட்டுமே, அவளும் பொண்ணுதானே" என்றாள். அப்பா கத்தரியை வாங்கித் தறிக்குழிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் அவருக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அக்காவக் கூப்புட்டு எழுதட்டுமாப்பா?"

"எழுதிக் கூப்புடுவாங்களா?" என்றார். "கல்யாணம் ஆன பொண்ண வீட்டுக்குக் கூப்புடணும்னா வெத்தல பாக்கு பூவு வெச்சி, அவ வூட்டுக்குப் போய்க் கூப்புடணும். மாப்பிள்ளையயும் சேத்துக் கூப்புடணும். ஒரு கடுதாசி போட்டா அது கூப்புட்ட மாதிரியா?"

'மாப்பிள்ளை' என்றார், அக்கா. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு தாம்பாளத் தட்டைத் தேடிப் புளி போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்டது.

ஆகவே இது அழைப்புக் கடிதம் இல்லை. அழைப்பு நேரில் வரும். வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஏழாம் தேதி, காலை பஸ்ஸில் அப்பாவும் நானும் வருகிறோம். அம்மா வரவில்லை, அவளுக்கு வீட்டில் தயார் செய்ய வேண்டியது இருக்கிறதாம், அப்படிச் சொல்கிறாள். அப்பா இன்றைக்கே சட்டையைச் சலவைக்குப் போட்டுவிட்டார். பஸ் எத்தனை மணிக்குப் படவேடு சேரும், கோயிலைத் தாண்டி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று என்னை நாலு தடவை கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

இத்தனை பக்கம் எழுதியும், கேட்க வேண்டிய ஒன்றை இன்னும் கேட்கவில்லை. வா என்று கேட்பது இல்லை. அதை அப்பா கேட்பார், கேட்க முயற்சியாவது செய்வார். நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். வர மாட்டேன் என்றாலும் சேலையை வேறு யாரும் அறுக்க விட மாட்டேன். ரேணுகா வளரட்டும் என்று தறியிலேயே விட்டுவைப்பேன்.

நான் கேட்பது வேறு. எங்கள் இரண்டு பேரையும் உனக்குத் தெரியும். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று அவர் ஒரு பக்கம் யோசிப்பார், நான் ஒரு பக்கம் யோசிப்பேன். உன் வாசலுக்கு வந்ததும் இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை வராது. அவர் தட்டைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்ப்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். மாமா வெளியே வந்தால் அவரிடம் என்ன சொல்வது என்பதும் எனக்குத் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த அறையில் நடந்தது போலவே நாங்கள் நின்றுவிடுவோம், நீ அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டுவிடுவாய் என்று பயமாக இருக்கிறது.

நீ முதலில் பேசிவிடு, அக்கா. திட்டினாலும் சரி.

குணா